ஆள் எனப்படுபவர் யார்

இராணுவச் சிறைகளில் அடைக்கப்பட்டோரைப் பற்றிய மனித உரிமை விவாதம் பெரும்பாலும் அளவுகளைப் பற்றிய விவாதமாகவே நடந்து வந்திருக்கிறது. ஒருவரை எத்தனை மணி நேரம் நிற்க வைக்கலாம், எத்தனை நாள் தனியறையில் பூட்டலாம், எந்த அளவு வலி சித்திரவதை ஆகும், எந்த அளவு வெறும் கடுமையோடு நின்றுவிடும் என்பன போன்ற கேள்விகளே நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றக் குழுக்களிலும் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டன. இவை வீண் கேள்விகள் அல்ல; வலியை அனுபவிப்பவருக்கு அளவே எல்லாம். ஆயினும் அளவுகளைப் பேசத் தொடங்கும் முன்பே தீர்த்திருக்க வேண்டிய, ஆனால் தீர்க்காமலே தாண்டிச் சென்ற ஒரு கேள்வி உண்டு. சிறைப்பட்டவர் சட்டத்தின் முன் ஓர் ஆளா, இல்லையா? ஆள் என்ற நிலை மனிதராகப் பிறந்த மாத்திரத்தில் ஒருவருக்கு வந்துவிடுகிறதா, அல்லது ஓர் அரசு தன் எல்லைக்கு உட்பட்டோருக்கு வழங்கி, வேண்டாதபோது பறித்துக்கொள்ளக்கூடிய ஒன்றா? இறையியலில் பிறந்து சட்டத்துக்குள் குடிபுகுந்த இந்தப் பழைய கேள்வியை, கியூபாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஒரு கடற்படைத் தளம் 2002-ஆம் ஆண்டில் மீண்டும் உலுக்கி எழுப்பியது.

குவாண்டனாமோ விரிகுடாத் தளம் ஏறத்தாழ 45 சதுர மைல் பரப்புள்ளது. 1903-ஆம் ஆண்டின் குத்தகை ஒப்பந்தத்தால் அமெரிக்காவின் கைக்கு வந்த இந்த நிலத்தின் மீது இறுதி இறைமை கியூபாவுக்கே உரியது என்றும், முழு ஆட்சியும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு உரியன என்றும் அவ்வொப்பந்தம் கூறுகிறது. இரு தரப்பும் ஒப்பினாலன்றிக் குத்தகை முடிவுக்கு வராது என்று 1934-ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதை மேலும் இறுக்கியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,085 டாலருக்கு வாஷிங்டன் அனுப்பும் வாடகைக் காசோலையை ஹவானா பல பத்தாண்டுகளாகப் பணமாக்கவில்லை. நிலம் ஒருவருடையது, ஆட்சி மற்றொருவருடையது என்ற இந்தப் பிளவுதான் அத்தளத்தைச் சிறைக்கு வாய்ப்பான இடமாக்கியது. அமெரிக்க நீதிமன்றங்களின் அதிகாரம் அங்கே செல்லுபடியாகாமல் போகவே வாய்ப்பு மிகுதி என்று அந்நாட்டு நீதித்துறையின் சட்ட ஆலோசகர்கள் 2001 டிசம்பர் இறுதியில் குறிப்பு எழுதினர். இரண்டே வாரங்களில், 2002 ஜனவரி 11 அன்று, கண்களும் காதுகளும் மூடப்பட்ட நிலையில் முதல் 20 பேர் அங்கு இறக்கப்பட்டு, எக்ஸ்-ரே முகாம் எனப்பட்ட கம்பிவலைக் கூண்டுகளில் அடைக்கப்பட்டனர். பின்னர் வந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 780 பேர். அவர்களுள் ஒன்பது பேர் காவலிலேயே இறந்தனர். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 15 பேர் எஞ்சியிருந்தனர். அத்தளத்தில் பார்வைக்கு உடும்பைப் போன்ற இகுவானாக்கள் மிகுதி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் அங்கும் செல்லும் என்பதால், இகுவானாவைத் துன்புறுத்துபவர் 10,000 டாலர் வரை அபராதம் கட்ட நேரிடும். கம்பிவலைக்கு வெளியே திரியும் பிராணியை எட்டிய சட்டம் வலைக்கு உள்ளே இருப்பவரை எட்டாதது எப்படி என்று கைதிகளின் வழக்கறிஞர்கள் கேட்டபோது, அது நையாண்டி போலத் தோன்றினாலும் உண்மையில் கூரிய சட்டக் கேள்வியாகவே இருந்தது.

அரசுத் தரப்பு வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. போரில் பிடிபட்டவரைக் குற்றஞ்சாட்டாமல், வழக்கு நடத்தாமல், போர் முடியும் வரை காவலில் வைத்திருக்கும் உரிமையைப் போர்ச் சட்டம் எல்லா நாடுகளுக்கும் தந்திருக்கிறது. அக்காவல் தண்டனை அன்று, பிடிபட்டவர் மீண்டும் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும் ஏற்பாடு மட்டுமே. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிக்குப் பல சலுகைகளை அளிப்பது, அவர் சீருடை அணிந்து, ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்கி, போர் நெறிகளுக்குக் கட்டுப்பட்டு நின்றதற்கான கைம்மாறு. குடிமக்களுக்குள் மறைந்து நின்று குடிமக்களையே கொல்பவருக்கும் அதே சலுகைகளை வழங்கினால் நெறியோடு போரிடுவதற்கு எவருக்கும் காரணம் இராது என்று அரசு வாதிட்டது. இந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் பிடிபட்டவர் எந்த வகையினர் என்பதில் ஐயம் எழுந்தால் தகுதியுள்ள ஒரு நடுவர் மன்றம் அதைத் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவுதான். 1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையே ஏறத்தாழ 1,200 முறை அத்தகைய விசாரணைகளை நடத்தியது. 2002 பிப்ரவரி 7 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையோ, ஒருவரையும் தனியே விசாரிக்காமல், அல்-காய்தா, தாலிபான் என்ற பெயர்களின் கீழ் வந்த அனைவரையும் மொத்தமாக அவ்வுடன்படிக்கையின் போர்க்கைதி நிலைக்கு வெளியே நிறுத்தியது. இராணுவத்தின் சொந்த ஆவணங்களை ஆராய்ந்து சீட்டன் ஹால் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 2006-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கைதிகளில் 5 விழுக்காட்டினரே அமெரிக்கப் படையினரால் நேரடியாகப் பிடிக்கப்பட்டவர்கள். 86 விழுக்காட்டினர், ஆள் பிடித்துத் தருவோருக்குப் பெரும்பணம் தரப்பட்ட காலத்தில், பாகிஸ்தானாலோ ஆப்கானிய வடக்குக் கூட்டணியாலோ பிடித்து ஒப்படைக்கப்பட்டவர்கள். ஐயத்துக்கு இதைவிடப் பெரிய இடம் வேண்டியதில்லை.

இத்தாலியச் சிந்தனையாளர் ஜார்ஜோ அகம்பென், குவாண்டனாமோவைச் சட்டம் தன்னைத்தானே நிறுத்திவைத்துக்கொண்ட வெற்றிடமாக வருணித்தார். விதிவிலக்கு நிலை என்பது அவர் கையாண்ட கலைச்சொல். நெருக்கடியைக் காரணம் காட்டி அரசு தன் சட்டத்தைத் தானே முடக்கிவைத்து, முடக்கும் அந்தச் செயலின் வழியாகவே மனிதர் மீது முழு அதிகாரம் பெறும் நிலையை அது குறிக்கிறது. அறிவுலகில் பெரிதும் எடுத்தாளப்பட்ட இந்த வருணனை ஓரளவே பொருந்தும். அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. விதிகள் கழுத்தளவு நிறைந்திருந்தன. 2003-இல் எழுதப்பட்டு 2007-இல் கசிந்த, அத்தளத்து டெல்டா முகாமின் நடைமுறைக் கையேடு மட்டும் 238 பக்கங்கள் கொண்டது. கழிவறைத் தாள் சுருளை யாருக்குப் பரிசாகத் தரலாம் என்பது முதல், புதிதாக வந்தவரைச் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் சமய குருவும் எவ்வளவு காலம் சந்திக்கக் கூடாது என்பது வரை அதில் வகுக்கப்பட்டிருந்தது. இல்லாதது விதி அன்று. அந்த விதி மீறப்பட்டால் அதை எடுத்துக்காட்டி முறையிடும் தகுதியே அங்கிருந்தவருக்கு இல்லை.

சமயம் தொடர்பான ஏற்பாடுகளில் இந்த வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரிகிறது. கைதிகளுக்குக் குர்ஆன் பிரதிகள் தரப்பட்டன. கிப்லா எனப்படும் மக்காவின் திசையை அம்புக்குறிகள் காட்டின. நாளுக்கு ஐந்து முறை ஒலிபெருக்கியில் பாங்கு ஒலித்தது. உணவு ஹலால் முறைப்படி வழங்கப்பட்டது. காவலர்கள் குர்ஆனைத் தொட நேர்ந்தால் தூய கையுறை அணிந்து இரு கைகளாலும் ஏந்த வேண்டும் என்று 2003 ஜனவரியில் விதி செய்யப்பட்டது. நூல் தரையில் படாதிருக்க, மருத்துவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளும் துணிக் கவசம் ஒன்றை வலைச்சுவரில் தொட்டில் போலக் கட்டி, அதற்குள் அது வைக்கப்பட்டது. இவ்வளவும் மெய்யே. ஆனால் இவ்விதிக்கு ஒன்றரை மாதம் முன்பு, 2002 டிசம்பர் 2 அன்று, பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஒப்புதலளித்த விசாரணை முறைகளின் பட்டியலில், வசதிப் பொருள்கள் அனைத்தையும் அகற்றுதல் என்ற ஒரு முறை இடம்பெற்றிருந்தது. சமயப் பொருள்களும் அவற்றுள் அடங்கும் என்று அங்கேயே தெளிவுபடுத்தப்பட்டிருந்தது. தாடியை வலிந்து மழித்தல், நாய்க்கு அஞ்சுவோரை அந்த அச்சத்தாலேயே பணியவைத்தல், நான்கு மணி நேரம் வரை நிற்கவைத்தல் ஆகியவை அதன் பக்கத்து வரிகள். தாம் நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்பதாகவும், நிற்பதற்கு நான்கு மணி நேர வரம்பு எதற்கு என்றும் அமைச்சர் அந்தத் தாளின் அடியில் தம் கையாலேயே எழுதி வைத்தார். கடற்படையின் தலைமைச் சட்ட ஆலோசகர் அல்பர்ட்டோ மோரா போன்றோரின் எதிர்ப்பால் ஆறு வாரங்களில் அவ்வொப்புதல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அப்பட்டியல் வெளிப்படுத்திய மனப்பாங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. வேதநூல் உரிமையாகத் தரப்பட்டிருந்தால் அது வசதி என்ற தலைப்பின் கீழ் வந்திருக்க இயலாது. வசதியாகத் தரப்பட்டதால்தான் அதைத் தருவதும் பறிப்பதும் ஒரே கையின் வேலையாயின.

கருணைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த இடைவெளி சிறைப்பட்டோரிடம் மட்டும் நிற்கவில்லை. அங்கே முஸ்லிம் சமய குருவாகப் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைக் கேப்டன் ஜேம்ஸ் யீ 2003 செப்டம்பரில் உளவு பார்த்தார் என்ற ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டு, அமெரிக்க மண்ணிலுள்ள கடற்படைச் சிறையில் 76 நாள்கள் தனிமையில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவர் 76 நாள்களில் வெளிவந்ததற்கும், அவர் ஓதுவித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு குற்றத்தின் வேறுபாடு அன்று. அவருக்குச் சட்டத்தின் முன் ஒரு முகம் இருந்தது.

முகம் என்ற சொல் இங்கே அணிக்காக வந்ததன்று. ஐரோப்பியச் சட்டங்கள் ஆளைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல்லின் வேர் பெர்சோனா என்ற இலத்தீன் சொல். நாடக நடிகர் அணிந்த முகமூடியை அது குறித்தது. மேடையில் முகமூடி அணிந்தவரே பாத்திரமாவது போல, சட்ட மன்றத்தில் உரிமையும் கடமையும் ஏற்று நிற்கத்தக்கவரே பெர்சோனா உடையவரானார். கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்தூலியன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே பொருள்தன்மையர் என்பதை விளக்க இச்சொல்லைக் கிறித்தவ இறையியலுக்குள் கொண்டுவந்தார். அது முதல் அச்சொல் புறத்தே அணிவதைக் குறிப்பதிலிருந்து விலகி அகத்தே இருப்பதைக் குறிக்கத் தொடங்கியது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயெத்தியுஸ், கிறிஸ்துவின் இயல்பு பற்றிய விவாதம் ஒன்றுக்கு நடுவே, பகுத்தறியும் இயல்புடைய தனிப்பொருளே பெர்சோனா என்று வரையறுத்தார். இடைக்கால இறையியல் முழுவதும் அவ்வரையறையின் மேல் எழுந்தது. அதன்படி ஆள்தன்மை எவரும் வழங்குவதன்று. ஆதலால் எவரும் பறிக்கத்தக்கதும் அன்று. அந்த வரையறையைத் தந்தவருடைய முடிவு குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரோகோத்திய மன்னன் தியோடோரிக்கின் அவையில் உயர்பதவி வகித்த போயெத்தியுஸ் இராசத் துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டு வட இத்தாலியில் சிறை வைக்கப்பட்டார். உரோமில் கூடிய செனட் சபை அவருடைய மறுமொழியைக் கேளாமலே தீர்ப்பளித்தது. 524-ஐ ஒட்டி அவர் கொல்லப்பட்டார். தீர்ப்புச் சொன்ன இடத்துக்கும் தமக்கும் இடையே ஏறத்தாழ 500 மைல் இருந்ததைச் சிறையில் எழுதிய நூலில் அவர் மனங்கசந்து குறிப்பிடுகிறார். இறையியல் வழங்கிய ஆள்தன்மை சட்டமன்றத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே வராதபோது அது எவரையும் காப்பதில்லை என்பதற்கு அவரே முதல் சான்று.

அந்த வாயிலில்தான் 2008 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்து நின்றது. குவாண்டனாமோவிலிருந்து விடுவிக்கப்பட்டு நாடு திரும்பிய பிரிட்டானியர் நால்வர், அங்கே தம் சமய வழிபாடு இழிவுபடுத்தப்பட்டது என்று கூறி, 1993-ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டத்தின் கீழ் ரம்ஸ்ஃபெல்ட் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்திருந்தனர். எந்த ஆளின் சமய ஒழுகலாற்றின் மீதும் அரசு பெருஞ்சுமை ஏற்றலாகாது, தவிர்க்கவியலாத காரணம் இருந்தாலன்றி, என்பது அச்சட்டத்தின் சாரம். வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய சமயம் இழிவுபடுத்தப்பட்டதா என்ற வினாவுக்குள் நுழையவே இல்லை. அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருந்த அயல்நாட்டார் அச்சட்டம் கருதும் பொருளில் ஆள் ஆகார் என்று அது தீர்மானித்தது. அயல்நாட்டாருக்கு அரசியலமைப்பின் சில பாதுகாப்புகள் கிடையா என்ற முந்தைய தீர்ப்புகளை மனத்தில் கொண்டே நாடாளுமன்றம் அச்சொல்லை எழுதியிருக்கும் என்பது அதன் விளக்கம். மூன்று நீதிபதிகளுள் ஒருவரான ஜேனிஸ் ரோஜர்ஸ் பிரவுன் வழக்கைத் தள்ளுபடி செய்வதில் மற்றவர்களோடு உடன்பட்டபோதும், சிறையில் இருப்போர் ஆள்கள் அல்லர் என்று சொல்லும் நிலைக்கு நீதிமன்றம் ஆளாவதை ஏற்க மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் பழமைவாத நீதிபதியாகப் பெயர் பெற்றவர் என்பதால் அந்த மறுப்புக்கு எடை கூடுகிறது. 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது.

நான்கரை ஆண்டுகள் கழித்து, 2014 ஜூன் 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் விற்பனை நிறுவனத்தின் வழக்கில், அதே 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே சொல்லுக்குப் பொருள் கூறியது. சிலருக்கு மட்டுமே சொந்தமான வணிக நிறுவனம் அச்சட்டப்படி ஓர் ஆள். ஆதலால் அதன் சமய நம்பிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு. சில நாள்களில் குவாண்டனாமோ கைதிகள் இருவரின் வழக்கறிஞர்கள், ரமலான் இரவுகளில் கூட்டமாகத் தொழும் தராவீஹ் தொழுகைக்குத் தம் கட்சிக்காரர்களை அனுமதிக்கக் கோரி மனுச் செய்தனர். கடையே ஆளாகுமானால், தசையும் குருதியும் உடையவர் ஆளாகாமல் போவது எப்படி என்பதே அவர்கள் வாதம்.

நிறுவனத்தை ஆளாகக் கொள்வதில் தவறில்லை. தமிழ் வாசகருக்கு அது புதிதும் அன்று. கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தைச் சொத்துரிமை உடைய, வழக்குத் தொடுக்கத்தக்க ஓர் ஆளாக இந்தியச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றுவருகிறது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டு இலண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசர் திருமேனி 1991-இல் மீண்டு வந்தது, பாழடைந்து கிடந்த அக்கோயிலை வழக்காடும் தகுதியுள்ள ஆளாக இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால்தான். அந்த நீதிமன்றம் தன் நாட்டுச் சட்டத்தில் இல்லாத ஓர் ஆள்தன்மையை அயல்நாட்டுச் சட்டத்துக்கு மதிப்பளித்து ஏற்றது. சட்டத்துக்கு அவ்வளவு தாராளம் உண்டு. முகமூடியை அது கல்லுக்கும் அணிவிக்கும், கணக்குப் புத்தகத்துக்கும் அணிவிக்கும். அந்தத் தாராளம் இருந்தும் மனிதர் சிலருக்கு மட்டும் முகமூடி தட்டுப்பாடாகிப்போனதுதான் விந்தை.

இதன் விளைவை ஹன்னா அரெண்ட் 1951-இலேயே கண்டு சொல்லியிருந்தார். முற்றதிகார ஆட்சி மனிதரை முழுமையாக அடக்குவதற்கு எடுத்துவைக்கும் முதல் அடி அவரை அடிப்பதோ கொல்வதோ அன்று, அவருக்குள் இருக்கும் சட்ட ஆளைக் கொல்வதே என்பது நாத்சி முகாம்களை ஆராய்ந்து அவர் வந்தடைந்த முடிவு. குற்றவாளிக்குத் தண்டனை உண்டு, அதற்கு அளவும் முடிவும் உண்டு. சட்ட ஆள் அல்லாதவருக்கு நேர்வதற்கு அளவோ முடிவோ இல்லை, ஏனெனில் அவர் செய்த எச்செயலுக்கும் அது விடை அன்று. குவாண்டனாமோவை நாத்சி முகாமோடு ஒப்பிடுவது மிகை. அரெண்டின் பகுப்பாய்வு தேவைப்படுவது அந்த ஒப்புமைக்காக அன்று, அடிகளின் வரிசைக்காக. எவ்வளவு வலி தரலாம் என்ற கேள்வி அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது. 2002 ஆகஸ்டில் எழுதப்பட்ட அமெரிக்க நீதித்துறைக் குறிப்பு, உடலுறுப்புச் செயலிழத்தலுக்கோ இறப்புக்கோ நிகரான வலியே சித்திரவதை என்று வரையறுத்தபோது, உறுப்புகளைக் கணக்கிட்டதே தவிர, அவ்வுறுப்புகள் யாருடையவை என்று கேட்கவில்லை. முதல் அடி எடுத்துவைக்கப்பட்ட பிறகு இரண்டாவது அடி வெறும் கணக்கு.

விலைக்கும் மாண்புக்கும் இடையே இம்மானுவேல் கான்ட் 1785-இல் காட்டிய வேறுபாடும் இங்கே பொருந்துகிறது. விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு வைக்க இயலாது. வெடிக்கவிருக்கும் குண்டு இருக்குமிடத்தை அறிந்தவர் ஒருவரை வதைத்து ஆயிரம் பேரைக் காக்கலாமா என்று தத்துவ வகுப்புகளில் கேட்கப்படும் புகழ்பெற்ற கேள்வி, ஈடு வைக்கலாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. அவருக்குத்தான் தெரியும் என்பது உறுதி, சொல்லிவிடுவார் என்பதும் உறுதி என்ற, மெய்வாழ்வில் ஒருபோதும் ஒருங்கே கிடைக்காத இரண்டு உறுதிகளையும் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறது. 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்கச் செனட் உளவுக் குழுவின் அறிக்கை, மத்திய உளவு அமைப்பின் இரகசியக் காவலில் இருந்த 119 பேரில் குறைந்தது 26 பேர், அவ்வமைப்பு வகுத்துக்கொண்ட அளவுகோலின்படியே பிடித்திருக்கக் கூடாதவர்கள் என்று கண்டது.

ஆள்தன்மை மனிதர் என்பதாலா, ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவர் என்பதாலா என்ற வழக்கு கைதிகளின் சமயத்துக்குள்ளேயும் பழமையானது என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இஸ்மத் என்ற அரபுச் சொல், உயிரும் உடைமையும் பிறரால் தீண்டத்தகாதவை என்ற காப்புநிலையைக் குறிக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த இரு மத்ஹபுகளான ஹனஃபி, ஷாஃபி ஆகிய சட்டப் பள்ளிகள் இதில் வேறுபட்டன. ஆதமின் மகவு என்ற ஒன்றாலேயே ஒருவர் இக்காப்பைப் பெறுகிறார், இறைவன் இட்ட கடமைகளை ஏற்று நிற்பதற்கு உயிர் காக்கப்பட்டாக வேண்டும் என்று ஹனஃபி அறிஞர்கள் கருதினர். இறைநம்பிக்கையாலோ, உடன்படிக்கை வழியாகப் பெறும் அடைக்கலத்தாலோ அது கிட்டுகிறது என்ற கருத்து ஷாஃபி பள்ளியில் ஓங்கியது. அடிமைமுறையை இரு பள்ளிகளுமே ஏற்றிருந்த காலத்து விவாதம் இது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் வாஷிங்டன் நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் காண இந்தப் பழைய வழக்கு உதவுகிறது: உடன்படிக்கைக்கு உட்பட்டவருக்கே காப்பு. 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாம் பிரிவு எதிர்ப்பக்கம் நிற்கிறது. எங்கும் சட்டத்தின் முன் ஆளாக ஏற்கப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று கூறும் அப்பிரிவில் எங்கும் என்ற சொல் தற்செயலாக வந்ததன்று. 1992-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்கலாகாத உரிமைகளின் குறுகிய வரிசையில் இதையும் சேர்த்திருக்கிறது.

ஆள் என்ற தமிழ்ச் சொல்லுக்கு இவ்விவாதத்தில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. காவலில் உள்ளவரை நீதிபதியின் முன் நிறுத்தக் கோரும் மனுவின் இலத்தீன் பெயர் உடலைக் குறிக்கிறது. தமிழ்ச் சட்டவழக்கோ அதை ஆட்கொணர்வு மனு என்கிறது. உடலைக் கொண்டுவருவதும் ஆளைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. அதே வேளையில் ஆள் என்பது பிறருக்கு உரிய ஏவலாளையும் அடிமையையும்கூடத் தமிழில் குறித்துவந்தது. அந்த இரட்டைப் பொருளின் மேல்தான் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட கதை நடக்கிறது. மணப்பந்தலில் வந்து நின்ற முதிய அந்தணர், சுந்தரர் தமக்கு வழிவழி ஆள் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடவே, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே முதியவர் மூல ஓலையைக் காட்ட, பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே சபையோர் தீர்ப்புக் கூறுகின்றனர். வந்தவர் இறைவன். உலகையெல்லாம் உடையவராயினும் ஒருவரைத் தம் ஆள் என்று கொள்ள அவர் ஊர்ச்சபையின் முன் ஓலை காட்ட வேண்டியிருந்தது. எதிர்வழக்காடியவரும் அச்சபையில் நின்று பேசினார்.

குவாண்டனாமோவில் ஓலை காட்டும் கடமையை அரசின் மீது ஏற்ற ஆறாண்டுகள் பிடித்தன. 2004-இல் ரசூல் வழக்கு நீதிமன்றக் கதவைச் சற்றே திறந்தது. 2006-இல் ஹம்தான் வழக்கு, ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் பிரிவின் குறைந்தபட்சக் காப்பு இவர்களுக்கும் உண்டு என்றது. 2008 ஜூன் 12 அன்று பூமெதியேன் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அரசியலமைப்பு வழங்கும் ஆட்கொணர்வு உரிமை அத்தளத்துக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகக் கூறியது. ஆனால் வழக்கில் வெல்வதும் வெளியே வருவதும் வேறு வேறாகவே இருந்தன. சீனத்தின் அடக்குமுறைக்கு அஞ்சி வெளியேறியிருந்த உய்குர் முஸ்லிம்கள் 22 பேர் அங்கே இருந்தனர். எஞ்சியிருந்த 17 பேரையும் விடுவிக்குமாறு 2008 அக்டோபரில் நடுவண் நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். மேல்நீதிமன்றம் அதை நிறுத்தியது. சீனாவுக்கு அனுப்பினால் ஆபத்து, அமெரிக்காவுக்குள் விட மனமில்லை. அவர்கள் பெர்முடாவுக்கும் பலாவுக்கும் பிற நாடுகளுக்கும் சிலர் சிலராக அனுப்பப்பட்டு, கடைசி மூவர் சுலோவாக்கியாவுக்குப் போனது 2013 டிசம்பரில். எதிரிகள் அல்லர் என்று அரசே ஒப்புக்கொண்டவர்களின் கதை இது.

பேச இடமில்லாதபோது உடலே பேச்சாகிறது. 2013 பிப்ரவரியில், குர்ஆன் பிரதிகள் சோதனையிடப்பட்ட விதத்தை எதிர்த்துத் தொடங்கிய உண்ணாநோன்பு, கோடைக்குள் 166 கைதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பரவியது. அவர்களுள் 40-க்கும் மேற்பட்டோருக்கு வலிந்து உணவூட்டப்பட்டது. கை, கால், தோள் ஆகியவற்றை வார்களால் பிணைக்கும் நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குத் துளை வழியாக இரைப்பை வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, சத்துக்கரைசலை ஊற்றுவதே அம்முறை. தெளிந்த அறிவோடு உணவை மறுப்பவருக்கு வலிந்து ஊட்டுவது ஒருபோதும் மருத்துவ அறமாகாது என்று உலக மருத்துவச் சங்கத்தின் மால்ட்டா பிரகடனம் கூறுகிறது. 2014-இல் கடற்படைச் செவிலியர் ஒருவர் இப்பணியைச் செய்ய மறுத்தார். இறக்க விடுவதா, வலிந்து காப்பதா என்ற இக்கட்டு உண்மையான இக்கட்டுதான். சாகவிட்டிருந்தாலும் அரசைக் குற்றஞ்சாட்டியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

உண்ணாநோன்பு பரவிய 2013-ஆம் ஆண்டில் ரமலான் ஜூலை இரண்டாம் வாரத்தில் பிறந்தது. எதிர்பாராத இடர் ஏதும் நேர்ந்தாலன்றி, கைதிகளின் நோன்பை மதித்து, சூரியன் மறைந்த பிறகும் விடியும் முன்பும் மட்டுமே உணவூட்டப்படும் என்று அரசு நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. நடுவண் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், வலிந்து ஊட்டுவது வேதனையும் இழிவும் தருவது என்று எழுதினார். தடைவிதிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும் எழுதினார். பகலில் உண்ணாதிருந்தது இறைவனை நோக்கியது. இரவிலும் உண்ண மறுத்தது சிறைப்படுத்தியவரை நோக்கியது. முன்னதை நேர அட்டவணை போட்டு மதித்த அரசு, பின்னதை அதே அட்டவணையில் வார்களால் கட்டியது. நோன்பு நிறைவேற நிய்யத் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இன்ன நோன்பை நோற்கிறேன் என்று உள்ளத்தில் எண்ணித் தொடங்குவதே நிய்யத். வலிந்து ஊட்டப்பட்டவரின் நோன்பு முறியாது என்று ஷாஃபி அறிஞர்கள் கூறுவர், ஏனெனில் அச்செயல் அவருடையதன்று. முறியும், பின்னொரு நாள் நோற்று ஈடுசெய்ய வேண்டும், ஆனால் அவர் மீது பாவமில்லை என்பர் ஹனஃபி அறிஞர்கள். நாற்காலியில் பிணைக்கப்பட்டிருந்தவரிடம் அந்த நிய்யத் இருந்ததா என்று இரு சாராரும் கேட்பார்கள். நீதிமன்றத்தில் அதை எவரும் கேட்கவில்லை. உள்ளத்தில் என்ன எண்ணினார் என்று ஆளைத்தான் கேட்க முடியும்.